நான் உறுப்பினராக இல்லாத கடை

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கடைக்கு ஆண்டு விழா. எங்கள் ஊர் என்று நான் எழுதுவது, கிழக்கு ஜெர்மனியில் ஓர் ஏரிக்கும் கோதுமைக் காட்டுக்கும் நடுவே கிடக்கும் ஒரு சிற்றூரை. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கிழமை எந்த நிறக் குப்பைத்தொட்டியை வாசலில் வைக்க வேண்டும் என்பது மனப்பாடமாகிவிட்டால், வாய் தானாகவே அந்த ஊரை ‘எங்கள் ஊர்’ என்று சொல்லத் தொடங்கிவிடுகிறது.

விழாவில் ஆப்பிள் கேக், ஊர் வாத்தியக் குழு, சொற்பொழிவு எல்லாம் உண்டு. கடைச் சங்கத்தின் தலைவி ஹெல்கா. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: “நம் கடையைப் பார்த்து இந்தியாவிலும் ஒரு கடை முளைத்திருக்கிறது. அதை நிறுவியவர் இதோ, நம் முட்டி!”

முட்டி என்பது நான்தான். முத்துமாரி என்ற பெயர் இவர்கள் வாயில் நுழையாமல் முத்து ஆகி, முத்துவும் தேய்ந்து முட்டி ஆகிவிட்டது. ஜெர்மனில் முட்டி என்றால் அம்மா. நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் எண்பது வயதுத் தாத்தாக்கள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் பாஷையில் அது முழங்கால் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். “நான் எதையும் நிறுவவில்லை. அந்தக் கடையில் நான் உறுப்பினர்கூட இல்லை. ஒருமனதாக ஓட்டுப் போட்டு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்” என்றேன். அப்படிச் சொன்னதாகத்தான் நினைத்தேன். முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். ஹெல்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் மகள் யாழினி பாதி ஜெர்மனும் பாதித் தமிழுமாகச் சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயது.

“அம்மா, ஓட்டுப் போட்டு வெளிய அனுப்புறதுக்கும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறதுக்கும் ஒரே வார்த்தைதான். முன்னால ‘அப்’னு ஒண்ணு சேர்க்கணும். நீ அதை விட்டுட்ட.”

ஆக, இந்தியாவில் என்னை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்ததாக நானே அறிவித்திருக்கிறேன். இதை ஜெர்மனில் திருத்தப் போனால் மந்திரியாகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் நடந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

2

இங்கே எங்கள் சிற்றூரில் ஒரே ஒரு மளிகைக் கடை இருந்தது. அதை நடத்தியவருக்கு வயதாகி, பிள்ளைகள் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட, ஒருநாள் மூடிவிட்டார். அடுத்த கடைக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். காலையில் ஒரு பஸ், மதியம் ஒரு பஸ். கார் இல்லாத கிழவிகள் ஒரு பாக்கெட் வெண்ணெய்க்காக அரைநாள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்போதுதான் ஊரே சேர்ந்து சொந்தமாகக் கடை வைப்பது என்று பேச்சு வந்தது. தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம். சூப் இலவசம் என்று அறிவிப்பில் போட்டிருந்ததால் நானும் போனேன். இதை மறைப்பதற்கில்லை. ஹெல்கா ஒவ்வொருவராக எழுப்பி, கடையில் என்ன வேண்டும் என்று கேட்டார். என் முறை வந்தது. பயத்தில் எனக்குத் தெரிந்த வார்த்தைகளெல்லாம் ஓடிப்போக, ‘கொத்தமல்லி’ என்ற ஒன்று மட்டும் மிஞ்சியது. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கூட்டக் குறிப்பில் அதையும் எழுதினார்கள். அதற்குப் பிறகு நடந்த எல்லாக் கூட்டங்களிலும் கொத்தமல்லி தனி விஷயமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

எத்தனை கூட்டம் என்று கேட்காதீர்கள். கடைக் கதவு உள்பக்கம் திறக்க வேண்டுமா வெளிப்பக்கமா என்பதற்கே இரண்டு மாலைகள் போயின. விளக்குமாறு எங்கே தொங்க வேண்டும் என்று ஒரு வரைபடம் இருந்தது. சுகாதாரப் பயிற்சிக்குப் போய், கை கழுவத் தெரியும் என்று ஒரு சான்றிதழ் வாங்கினேன். நர்ஸ் வேலை பார்க்கிறவள் என்று சொல்லிப் பார்த்தேன். அது வேறு கை கழுவல் என்றார்கள்.

ஆனால் ஒருநாள் கடை திறந்துவிட்டது. ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு ஓட்டு. மருந்துக்கடைக்காரருக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டு. என் பங்குப் பத்திரத்தைச் சட்டம் போட்டு, சமையலறையில் சிவகாசி தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினேன். காலண்டரில் நல்ல நேரம் பார்க்கிற சாக்கில் தினமும் பத்திரத்தையும் பார்த்துக்கொள்வேன்.

சனிக்கிழமை காலை கல்லாவில் என் முறை. அந்த நேரம் பார்த்து யாழினி சிநேகிதிகளோடு மிட்டாய் வாங்க வருவாள். என்னைப் பார்த்து, முன்பின் தெரியாத கடைக்காரிக்குச் சொல்வதுபோல் மரியாதையாக ‘வணக்கம்’ சொல்லிவிட்டுப் போவாள். நான் ஜெர்மன் பேசும்போது கத்துகிறேனாம். என் கணவர் மணியிடம் முறையிட்டேன். “இங்க இருந்து பட்டாசு ஆபீசுக்குக் கேக்கிற மாதிரிதான் பேசுற” என்றார்.

3

பட்டாசு ஆபீஸ் என்றவுடன் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலைக்கு ‘ஆபீஸ்’ என்றுதான் பெயர். ஆபீஸ் வேன், ஆபீஸ் லீவு, ஆபீஸ் கணக்கப்பிள்ளை. இங்கே வந்த புதிதில் ஜெர்மன் வகுப்பில் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என் அம்மா ஆபீஸில் வேலை பார்த்தார் என்றேன். என்ன ஆபீஸ் என்று டீச்சர் கேட்டார். “வெடி செய்கிற ஆபீஸ்” என்றேன். அன்று மாலை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில், ஊரைத் தாண்டி, கரிசல் காட்டு ஓரத்தில் எங்கள் காலனி. காலையில் வேன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். பொழுது அடைந்த பிறகு கொண்டுவந்து இறக்கும். சீசன் நேரமானால் இன்னும் நேரமாகும். கடை இருப்பது ஊருக்குள். நடந்தால் அரை மணி நேரம். வேன் வருவதற்குள் பாதி நாள் அது அடைத்துவிடும். திறந்திருக்கும் நாளிலும் எங்கள் ஆட்கள் ஓரமாக நிற்க வேண்டும். பின்னால் வந்த ஊர்க்காரர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்துவிட்டுத்தான் எங்கள் பொட்டலத்தைக் கட்டுவார்கள். யாரும் நம்மைத் திட்டமாட்டார்கள். பெயர் சொல்லிக்கூட விசாரிப்பார்கள். ஆனால் பொட்டலம் கடைசியில்தான் வரும்.

காலனிக்குள் என் அத்தை சண்முகத்தாயின் பெட்டிக்கடை ஒன்று உண்டு. அத்தை, அப்பாவின் தங்கை. ஆபீசில் வெடிமருந்து தீப்பிடித்துக்கொண்டதில் அவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் ஒட்டிப்போயின. அதன்பிறகு வேலைக்குப் போகவில்லை. வீட்டு வாசலில் ஓலைச் சார்ப்புக்குக் கீழே ஒரு பலகையைப் போட்டு பீடி, ஷாம்பு பாக்கெட், பொரிகடலை, ஊறுகாய் விற்றார். எப்போதும் ஒரு வாடிய முட்டைக்கோஸ் இருக்கும். அது ஒரே முட்டைக்கோஸ்தானா, அவ்வப்போது மாற்றுகிறாரா என்று எங்களுக்குள் பந்தயம் நடக்கும்.

ஒரு சனிக்கிழமை, கல்லா முறை முடித்துவிட்டு வந்து, மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். மதினி கனகாதான் எடுத்தார். அண்ணனின் மனைவி. அவரும் ஆபீசுக்குப் போகிறவர். காலனி மகளிர் குழுவுக்குத் தலைவியும் அவர்தான்.

“என்ன மதினி, ராத்திரிக்கு என்ன கொளம்பு?”

“ரசந்தான் முத்து. வேன் வர நேரமாயிருச்சு. போய்ப் பாத்தா கடைய அடைச்சிட்டாக.”

“நேத்து என்ன வச்சீக?”

“நேத்தும் அதேதான். என்ன, நேத்து புளி இருந்துச்சு.”

அன்று காலைதான் எங்கள் ஜெர்மன் கடையில் எட்டு வகைக் கடுகுப் பசையை எழுத்து வரிசைப்படி அடுக்கிவிட்டு வந்திருந்தேன். போனை வைத்தபோது எனக்குள் ஒரு தலைவி பிறந்துவிட்டாள்.

4

தலைவி முதலில் செய்தது, கணினியில் படக்காட்சி தயாரித்தது. நோக்கம், இலக்கு, நிர்வாகம், எதிர்காலம் என்று பக்கம் பக்கமாகப் போட்டேன். அம்புக்குறிகள் பறந்து வந்து உட்கார்ந்தன. மணி பார்த்துவிட்டு, “கடையில என்ன விப்பீக?” என்று மட்டும் கேட்டார். அது ஒன்பதாம் பக்கத்தில் வரும் என்றேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நானும் யாழினியும் ஊருக்குப் போனோம். பொங்கலுக்கு முன்பே திரும்ப வேண்டும், பள்ளி திறந்துவிடும். அதற்குள் கடையை நிறுவிவிடலாம் என்று கணக்கு. கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கேட்க அங்கே யாரும் இல்லையே.

கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்ய விசாரிக்கலாம் என்று விருதுநகரில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமைசாலி. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார்.

“எங்கன குடியிருக்கீக?”

“ஜெர்மனி.”

“ரேசன் கார்டு?”

“பேர எடுத்துட்டாங்க சார்.”

“கணவரோட ஊர்ல?”

“அங்கயும் இல்ல.”

“வாக்காளர் பட்டியல்?”

நான் டீயைக் குடித்தேன்.

“அப்ப நீங்க யாரும்மா?” என்றார். கேலி கிடையாது. எந்தக் கட்டத்தில் என்னை எழுதுவது என்று அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. கடைசியில் அவரே வழி சொன்னார்: “ஒங்க காலனில மகளிர் குழு இருக்குல்லா? அதுவே கடை நடத்தலாமே. லோனும் கெடைக்கும். மொதல்ல ஊர்ல எல்லாரும் சம்மதிக்காகளான்னு கேட்டுட்டு வாங்க.”

ஊர் சம்மதிப்பதா! என் மனதில் ஊர் ஏற்கெனவே என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தது.

சமுதாயக் கூடத்தில் மாலை ஆறு மணிக்குக் கூட்டம் என்று சொல்லியனுப்பினேன். கல்யாண வீடியோ எடுக்கும் பையனிடம் புரொஜெக்டர் வாடகைக்கு வாங்கினேன். ஆறு மணிக்கு நான் இருந்தேன், புரொஜெக்டர் இருந்தது, ஒரு நாய் இருந்தது. ஜெர்மனியில் ஆறு என்றால் ஐந்தே முக்காலுக்குக் கூடம் நிறைந்துவிடும் என்று யாழினியிடம் அலுத்துக்கொண்டேன். ஆபீஸ் வேன் வருவதே ஏழு மணிக்குமேல்தான். இதை நான் இந்தக் காலனியில் பிறந்து வளர்ந்து தெரிந்து வைத்திருந்தேன். எட்டு வருஷத்தில் மறந்தும் வைத்திருந்தேன்.

வேன் வந்து, குளித்து, உலை வைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளிப் பொடி நகக்கண்ணில் மின்னியது. அதற்குள் பிள்ளைகள் புரொஜெக்டர் வெளிச்சத்தில் கையை ஆட்டி மான், முயல் காட்டிக்கொண்டிருந்தார்கள். யாழினியும் அவர்களோடு சேர்ந்து ஏதோ ஒரு ஜெர்மன் விலங்கைக் காட்டினாள்.

நான் பேச ஆரம்பித்தேன். யாராவது கேள்வி கேட்டால் ‘ஆமாம்’ என்பதற்கு ‘யா’ என்று வந்தது. மூன்றாவது ‘யா’வுக்குக் கூட்டத்தில் சிரிப்புத் தொடங்கிவிட்டது. விடாமல் ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தேன். கம்பு, குதிரைவாலி, சாமை, இயற்கை முறையில் விளைந்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா கேட்டார்: “ஏ முத்து, குதிரவாலியெல்லாம் வேற வளியில்லாம எங்க அப்பன் காலத்துல தின்னது. அத ஏன் காசு குடுத்துத் திங்கணும்?”

“ஒடம்புக்கு நல்லது பெரியம்மா.”

“அப்ப நீ தின்னு. எங்களுக்குத் துவரம்பருப்பு வேணும், நல்லெண்ண வேணும். பொம்பளப் பிள்ளைகளுக்குப் பேடு வேணும். அத ஊருக்குள்ள ஆம்பளைக நிக்கிற கடைல போயி எப்படிக் கேக்க?”

இன்னொருத்தி, “எப்பத் தெறப்பீக, அதச் சொல்லுங்க” என்றாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு என்று போட்டிருந்தேன். அதைச் சொல்லாமல் அவசரமாகப் பக்கத்தைத் தள்ளினேன்.

தள்ளியது தப்பாகப் போயிற்று. அப்போதுதான் வாசலில் அத்தை சண்முகத்தாய் வந்து நின்றார்.

“ஏளா முத்து, கடை வைக்கப்போறியாம்ல. அப்ப நான் வச்சிருக்கது என்ன, கோயில் மண்டபமா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கூடத்துப் பிள்ளைகள் சுவரில் விழுந்த எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் கோரஸாக வாசித்தார்கள்: “போட்டியாளர்கள், இல்லை!”

இத்தனை பக்கங்கள் தயாரித்த நான், அத்தையை ஓரிடத்திலும் நினைக்கவில்லை. பெரிய எழுத்தில், சிவப்பு நிறத்தில், அந்த ‘இல்லை’ அத்தையின் முகத்துக்கு நேரே நின்றது.

5

அத்தை அழுவார் என்று பயந்தேன். அவர் உள்ளே வந்து, முதல் வரிசையில் இடம் ஒதுக்கச் சொல்லி உட்கார்ந்தார்.

“சரி. நானும் சேருதேன். கடை என் வீட்டு வாசல்ல இருக்கட்டும், இன்னொரு எடத்துக்கு வாடகை குடுப்பீகளா? தராசு என் கையில. வேன் வந்த பெறகு ரெண்டு மணி நேரம் கண்டிப்பாத் தெறந்திருப்பேன். கொள்முதலும் கணக்கும் கனகா பாக்கட்டும். எனக்கு மாசச் சம்பளம். சம்மதம்னா சொல்லுங்க, இல்லன்னா நான் போயி ஓலைய எறக்கிக் கடைய மூடுதேன்.”

“சித்தி, ஒங்க கடைல முட்டைக்கோசு வத்திப்போயில்ல கெடக்கு” என்றாள் ஒருத்தி.

“நீ வாங்கியிருந்தா அது ஏன்ளா வத்துது?”

கூட்டம் கூட்டமானது அதற்குப் பிறகுதான். பீடி விற்பதா வேண்டாமா என்று சண்டை வந்தது. சம்பளம் எம்புட்டு என்று இழுபறி நடந்தது. புரொஜெக்டரை யாரோ அணைத்துவிட்டு ட்யூப்லைட்டைப் போட்டார்கள். எனக்கு மிச்சமிருந்தது ஓட்டெடுப்பு நடத்தும் வேலைதான். வீட்டுக்கு ஒரு ஓட்டு, கை தூக்க வேண்டும், பெரியவள் சின்னவள் கிடையாது என்று ஹெல்காவைப்போலவே விளக்கினேன். அத்தை வாசலில் கடை என்பதற்குக் கை தூக்கினார்கள். வேன் வந்த பிறகு இரண்டு மணி நேரம் என்பதற்குத் தூக்கினார்கள். குதிரைவாலிக்கு என் கை மட்டும் இருந்தது.

மதினி கனகா எழுந்தார். “இன்னொண்ணு இருக்கு. வெளியூர்ல குடியிருக்கவுக உறுப்பினரா இருக்கலாமா?”

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஹெல்காவின் சங்கத்தில் இதைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கிறோம். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன குடும்பங்களை மனதில் வைத்துக்கொண்டு முழங்கினேன்: “கூடவே கூடாது மதினி. கடைல தெனமும் சாமான் வாங்குறவங்கதான் முடிவெடுக்கணும். எங்கயோ ஒக்காந்துக்கிட்டு ஒருத்தர் ஓட்டுப் போட்டா கடை எப்படி உருப்படும்?”

எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஒருமனதாக நிறைவேறியது என்று நானே அறிவித்தேன்.

மதினி என்னைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “முத்து, நீயும் வெளியூருதான?”

சிரிப்பு வந்தது. முதலில் சிரித்தவள் நான்தான். தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன். பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த யாழினி ஜெர்மனில் கேட்டாள், “அம்மா, நாம தோத்துட்டோமா?” அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், “என்ன சொல்லுதா, என்ன சொல்லுதா?” என்று பிடுங்கினாள். நல்லவேளை, யாரும் மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் காலை, வேனுக்காக டிபன் வாளியோடு நின்றிருந்த மதினியிடம் போனேன். சாதாரணமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, “உறுப்பினர் இல்லன்னா பரவால்ல மதினி. மொத சரக்குக்குப் பணம் நான் தாரேன்” என்றேன்.

“வேண்டாம் முத்து.”

“கடனாவாவது.”

“கோவிச்சுக்காத. நீ ஒருத்தி உள்ள இருந்தேன்னு வையி. எடை கொறஞ்சா முத்து கேப்பா, சரக்கு தீந்தா முத்து அனுப்புவா, பூட்டு ஒடஞ்சா ஜெர்மனிலருந்து பூட்டு வரும்னு அம்புட்டுப் பேரும் ஒக்காந்துக்கிருவாக. அப்புறம் அது ஒன் கடை. ஒனக்கு லீவு இல்லாத வருசம் கடையும் இருக்காது.”

“நான் அப்படி விட்டுருவேனா?”

“நீ விடமாட்ட. நாங்க விட்டுருவோம்.”

வேன் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பி, “சாப்ட்டியா? இட்லி மூடி வச்சிருக்கேன், யாளினிக்கும் இருக்கு” என்றார்.

இட்லி மெதுவாகத்தான் இருந்தது. நான்தான் அதைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஜெர்மன்காரர்கள் நடுவில் ‘கொத்தமல்லி’ என்ற ஒற்றை வார்த்தை பேசியவளை உறுப்பினராக்கினார்கள். பிறந்த காலனியில், தாய்மொழியில், தலைமை உரை ஆற்றி வெளியேறியிருக்கிறேன். இதை யாரிடம் சொல்லி அழுவது? மணிக்குப் போன் போட்டால் அவர் சிரித்த சிரிப்பில் போனையே வைத்துவிட்டேன். பொங்கலுக்கு முன்பே கிளம்பினோம். விமானத்தில் யாழினி அப்பாவை வரவேற்க ஒரு வாக்கியம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்: “ஏலே அப்பா, சாப்ட்டியாலே?”

6

கடை திறந்தது எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து யாழினி சொன்னாள். காலனிப் பிள்ளைகளும் அவளும் போனில் குரல் அனுப்பிக்கொள்கிறார்கள். ஜெர்மன் கலந்த அவளுடைய ‘ஏலே’க்களை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கடவுளுக்கே வெளிச்சம்.

திறப்புக்கு என் பெயரில் ஒரு ட்யூப்லைட்டாவது மாட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். மாட்டவில்லை. சரி, ஆலோசனையாவது சொல்வோம் என்று அத்தைக்கு நீளநீளமாகக் குரல் அனுப்பினேன். பருப்பைப் பழையது முன்னால், புதியது பின்னால் வைக்க வேண்டும். எடைக்கல்லை எல்லோரும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து அத்தையிடமிருந்து ஒரே பதில் வந்தது: “சரி.” அதிலும் பின்னணியில் யாரோ சிரிக்கும் சத்தம்.

சித்திரையில் எங்கோ ஓர் ஆபீசில் தீ விபத்து. எங்கள் காலனி ஆட்கள் யாரும் அங்கே இல்லை. ஆனால் சோதனை வந்து, சுற்றுவட்டாரத்தில் பல ஆபீசுகளை மூடிவிட்டார்கள். வாரக்கணக்கில் யார் வீட்டிலும் சம்பளம் இல்லை. நான் இங்கே இரவு வேலையில் இருந்துகொண்டு, கடை முடிந்தது என்றே முடிவு கட்டினேன். பணம் அனுப்பட்டுமா என்று கேட்க மதினிக்குப் போன் அடித்தேன். அத்தைதான் எடுத்தார்.

“ஒனக்கெதுக்குளா அந்தக் கவல? கூட்டம் போட்டுப் பேசியாச்சு. சோப்பு, சேமியா எதுவும் வாங்கக்கூடாதுன்னு சொல்லிட்டோம். பருப்பு, எண்ண, புளி மட்டுந்தான். விருதுநகர்ல ஒரு அண்ணாச்சி நம்ம கனகா மொகத்தப் பாத்துச் சரக்கு குடுத்தாக. வீட்டுக்கு இம்புட்டுன்னு அளந்து குடுக்கேன். எனக்குஞ் சம்பளம் பாதிதான்.”

“சம்பளம் பாதியா? நீங்க சம்மதிச்சீகளா அத்த?”

“சம்மதிக்கல. எதுத்து நான் ஒருத்திதான் கை தூக்குனேன். தோத்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார், “ஒனக்குத்தான் தெரியுமே.”

அதுவரைக்கும் என் மனசில் எங்கோ ஒரு மூலையில் இருந்த கோபம் அந்த வார்த்தையில் போய்விட்டது. ஓட்டில் தோற்றவர்கள் என்று எங்கள் குடும்பத்தில் இப்போது இரண்டு பேர்.

7

ஆடி மாதம், இங்கே கோடை விடுமுறைக்கு, மறுபடி போனோம். ஆபீசுகள் திறந்து தீபாவளி ஆர்டருக்கு வேலை நெருக்கிக்கொண்டிருந்தது. போன அன்றே கடையைப் பார்க்கப் போயிருக்கலாம். கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் பொழுது அடைகிற நேரம், மதினி வீட்டில் சீரகம் தீர்ந்துவிட்டது என்ற நல்ல காரணம் கிடைத்தது.

அத்தை வாசலில் பழைய ஓலைச் சார்ப்பு இல்லை, தகரம் போட்டிருந்தார்கள். பலகைக்குப் பதில் ஒரு நீள மேசை, இரும்புத் தட்டுகள், மின் தராசு. பேடு பாக்கெட்டுகள் முன்தட்டிலேயே கூச்சமில்லாமல் நின்றன. அத்தை ஒட்டிய விரல்களால் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பருப்பை அள்ளிக்கொண்டிருந்தார். வேன் அப்போதுதான் வந்திருந்தது. பெண்கள் டிபன் வாளியோடு அப்படியே வரிசையில் நின்று, தேங்காயெண்ணெய் எந்த மார்க்கு வாங்குவது என்று அடுத்த கூட்டத்தை அங்கேயே நடத்திக்கொண்டிருந்தார்கள்.

தட்டுகளைப் பார்த்தேன். பருப்பு அடுக்கியிருந்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. முன்னால் போய், “அத்த, இத இப்படி வச்சா...” என்று ஆரம்பித்தேன்.

“வரிசைல வா” என்றார், தலையைத் தூக்காமல்.

வரிசையின் கடைசியில் போய் நின்றேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்து, “எப்ப வந்த முத்து, நல்லாருக்கியா?” என்று கேட்டுவிட்டுத் தேங்காயெண்ணெய்க்கே திரும்பிவிட்டார்கள். யாழினி பக்கத்துத் திண்டில் காலனிப் பிள்ளைகளோடு ஏதோ தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல், “வாங்க, சாப்ட்டீகளா?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தாள்.

அப்போது ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஊருக்குள்ளிருந்து ஒருவர். எனக்கு முகம் தெரியும். சின்ன வயதில் நான் ஓரமாக நின்ற அந்தக் கடையில், எனக்குப் பின்னால் வந்து முன்னால் வாங்கிப் போனவர்களில் ஒருவர். அந்தக் கடை அடைத்துவிட்டதுபோல. கையில் காலி எண்ணெய்ப் பாட்டில். இறங்கியவர் நேரே மேசைக்குப் போய், “சம்மொகம், அரை லிட்டர் எண்ண ஊத்து” என்றார்.

வரிசையில் பேச்சு நின்றது. அத்தை அளந்துகொண்டிருந்த பருப்பை அளந்து முடித்தார். பொட்டலத்தைக் கட்டி, எதிரில் நின்றவள் கையில் கொடுத்தார். இந்த மாதிரி ஆட்களை எங்கள் அப்பா காலத்திலிருந்து ‘மொதலாளி’ என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம்.

“அண்ணாச்சி, வரிசைல வாங்க” என்றார் அத்தை.

குரலில் கோபமில்லை. என்னிடம் சொன்ன அதே குரல்தான். அவர் ஒரு கணம் நின்றார். வரிசையைப் பார்த்தார், வந்த வழியைப் பார்த்தார். ஊருக்குள் கடை அடைத்திருந்தது, வீட்டில் அடுப்பு காத்திருந்திருக்கும். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து எனக்குப் பின்னால் நின்றார். பிறகு தேங்காயெண்ணெய்ப் பேச்சு மறுபடி தொடங்கியது.

எனக்கு முதுகு கூசியது. அவருக்கு வழிவிட்டு ஒதுங்கச் சொல்லி என் கால்களே என்னைக் கேட்டன. இத்தனை நாடு தாண்டிப் போய்வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு நின்றேன்.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கியது. உறுப்பினருக்கு ஒரு விலை, மற்றவருக்கு ஒரு விலை. அவர் அதை எட்டிப் பார்த்துப் படித்தார்.

“ஏம்மா, நீங்க உறுப்பினரா?” என்று என்னிடம் கேட்டார். என்னை அடையாளம் தெரியவில்லை.

“இல்லண்ணாச்சி. நானும் வெளியாளுதான்.”

“அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் கூடுதல் வெலைதானா?”

“ஆமா” என்றேன். ‘யா’ வரவில்லை.

எனக்கு முன்னால் நின்றவள் வாங்கி முடித்து விலகினாள். நான் சீரகம் கேட்டேன். அத்தை நிறுத்து, மடித்து, மற்றவருக்கான விலையைச் சொல்லி, சில்லறையை எண்ணி என் கையில் வைத்தார்.

“அடுத்தாளு” என்றார்.